சின்ன ஒப்பரேஷன் என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனே,

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது, நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுவதற்குள் நீ எழுந்துவிட்டாய். "நீங்க இருங்கப்பா, நான் மொதல்ல போய் என்னன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி, என் மடியில் இருந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். கதவு பன்னிரண்டு நிமிடம் மூடியிருந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். டொக்டர் என்னிடம் சிங்களத்தில் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு பணிஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சின்ன ஒப்பரேஷன்தான்பா. மூலம் மாதிரி ஒரு கட்டியாம். வெட்டி எடுத்துட்டா சரி. ஒரு கிழமையில வீட்டுக்கு வந்துரலாம்" என்றாய். நான் "சரிப்பா" என்று சொல்லிப் பணிஸைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த 'சரி' ஒரு பொய், நீ சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை. நீ சொன்னதும் பொய் என்பதால் கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை என்னை வாட்டில் சேர்க்கப் போகிறார்கள், வியாழக்கிழமை ஒப்பரேஷன். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. அதற்குள் நீயும் நானும் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ "அப்பா, கண்டதையும் யோசிக்காதீங்க" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டுச் சம்மதித்தால், வாட்டுக்கு அப்பா அம்மாவைக் கூட்டி வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம். உன் பெயரையும் என் பெயரையும் எழுதாமல் விட்டது அதற்காகத்தான்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்று நீ நம்புகிறாய். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் கிடைக்காமல், ஃபைலை என் மடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டு வந்தாய் அல்லவா? அங்கேதான் நீ கோட்டைவிட்டாய். இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சிற்றூழியனாக ட்ரொலி தள்ளியவன் நான். ஆட்களோடு சேர்த்து அவர்களுடைய ஃபைலையும் தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனவன். சில நீண்ட இங்கிலீஷ் சொற்களை எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் ஆட்களின் முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி அடையாளம் தெரியும். 'கொலொஸ்டமி' என்று எழுதியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வரும்போது மலம் போவதற்கு வயிற்றில் ஒரு பையோடு வந்தார்கள். அதற்குப் பக்கத்தில் என் ஃபைலில் இன்னொரு சொல் இருந்தது, 'பேர்மனன்ட்'. அதை நான் எப்படி மறப்பேன்? என் வேலை எப்போது பேர்மனன்ட் ஆகும் என்று ஆறு வருடம் காரியாலயத்துக்கு நடையாய் நடந்தவன். அந்தச் சொல் கடைசியில் இந்த வடிவத்தில் என்னைத் தேடி வரும் என்று நினைக்கவில்லை. மற்றபடி, மூலத்துக்கு யாரும் அத்தனை ஸ்கேன் எடுப்பதில்லை என்பது எந்த ட்ரொலிக்காரனுக்கும் தெரியும். எனக்கு வந்திருப்பது கான்சர். எழுதிவிட்டேன் பார், பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உன் மேல் கோபமா என்று கேட்பாய். இருந்தது. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் வரை இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணில் தூசி விழுந்தவன் மாதிரி நீ துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் அது போய்விட்டது. பல்லேகல வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அதை எனக்குக் காட்டாமல் பணிஸ் வாங்கிக் கொடுத்த பிள்ளை நீ. உன் அம்மாவும் உன் கட்சிதான் என்பது அன்று ராச்சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. கேட்காமலே இரண்டு முட்டை பொரித்து வைத்து, "சின்ன ஒப்பரேஷன்தானாமேங்க" என்று தாச்சியைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அன்றுதான்.

இப்போது நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை உன் அம்மாவுக்குக்கூட முழுவதும் சொன்னதில்லை. நீ தவழத் தொடங்கியிருந்த வருடம். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பார்வதி என்று ஒரு அக்கா எங்கள் வாட்டுக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நீரிழிவு என்கிற சீனி வருத்தம். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் பெருவிரல் கறுத்து, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் வாட்டில் தமிழ் தெரிந்த நேர்ஸ் மிஸ்ஸி ஒருவர்கூட இல்லை. தோட்டத்து ஆட்கள் யாராவது வந்தால், மிஸ்ஸிமாரும் டொக்டர்மாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சந்தையில் கற்றுக்கொண்ட என் சிங்களம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனக்கும் அதில் ஒரு பெருமை. ட்ரொலியை ஓரமாக விட்டுவிட்டு, பெரிய டொக்டருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

டொக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சிங்களத்தில் சொன்னார். விஷம் ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் உயிர் போய்விடும், இதை இவருக்கு விளங்கும்படி சொல்லிச் சம்மதம் கேள் என்றார். பார்வதி அக்கா டொக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "தம்பி, கால எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். அப்படியே கேட்டார் மகனே. கேள்வியே சரியாக இருந்தது. 'ஆமாக்கா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் இல்லக்கா. புண்ணுல இருக்கிற கெட்டத வெட்டிச் சுத்தம் பண்ணுவாங்க. பயப்படாம கையெழுத்து வைங்க" என்றேன். அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். "அவருக்கு விளங்கியதா?" என்று டொக்டர் கேட்டார். "நல்லா விளங்கியது சேர்" என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திரும்பிவிட்டது. அதற்கு மேல் ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். உண்மையைச் சொன்னால் இந்த அக்கா கையெழுத்து வைக்காமல் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார், திரும்பினால் செத்துப்போவார், ஆகவே நான் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கு நானே பதக்கம் குத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனவனும் நான்தான். வழி நெடுகத் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

பின்னேரம் நான் வாட்டுக்குப் போனபோது அவர் கண் விழித்திருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறார். கத்துவார், சாபம் போடுவார் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். "தம்பி, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியும்க்கா" என்றேன். போர்வையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டார். அப்புறம், "சொல்லியிருந்தா நேத்து ஒரு நடை நடந்து பாத்திருப்பேனே. அந்த வெராந்தாக் கோடி வரைக்குமாச்சும். சும்மா கட்டில்லயே படுத்துக் கெடந்துட்டேனே தம்பி" என்றார். அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்தக் கட்டிலில் இருந்தார். என்னிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் எதிர்க் கட்டில் ஆளுக்குச் சைகை காட்டுவார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அதுதான் வலிக்கிறது.

மூன்றாம் நாள் நானே போய் வாட்டுக்குப் பொறுப்பான தலைமை நேர்ஸ், சிஸ்டரிடம் சொன்னேன். நாக்கில் மிளகாய் தடவிய மனுஷி, ஆனால் நோயாளிக்கு ஒன்றென்றால் டொக்டரோடும் சண்டை பிடிப்பார். மருந்து அலுமாரியைப் பூட்டிவிட்டு, நான் சொன்னதை நின்றபடி முழுவதும் கேட்டார். "அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நீ பொய் சொல்லவில்லை. அவள் அழுவதை நீ பார்க்க வேண்டி வருமே என்று சொன்னாய்" என்றார். "மேலிடத்துக்கு எழுதினால் உன் வேலை போகும். போனால் நாளைக்கு இங்கே தமிழில் பேச யார் இருக்கிறார்?" என்றும் கேட்டார். அப்புறம் டொக்டரிடமும் என்னையே போய்ச் சொல்ல வைத்தார். டொக்டர் என்னைத் திட்டவில்லை. பார்வதி அக்காவின் கட்டிலுக்குப் போய், தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த கிழமையே சிஸ்டர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், மறுநாள் பட்டியலில் இருக்கிற எல்லாரையும் வெராந்தாக் கோடியில் கதிரை போட்டு வட்டமாக உட்கார வைப்பார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கென்று ஒரு தடையும் போட்டார், 'வெளங்குச்சா?' என்று நான் யாரையும் கேட்கக் கூடாது. நம் ஆட்களிடம் 'வெளங்குச்சா' என்று கேட்டால், உங்களை நிலாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லியிருந்தால்கூட 'வெளங்குச்சுங்க' என்றுதான் சொல்வார்கள். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலையாட்டிப் பழகிப்போன தலை. அதனால், நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர்களே திருப்பிச் சொல்ல வேண்டும், அதை நான் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சிஸ்டருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். முதல் நாள் குடலிறக்கத்துக்கு வந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "மயக்கிப்புட்டு வயித்த நல்லாத் தடவி விடுவாங்க" என்றார். கால் மணி நேரம் நான் பொழிந்த தமிழ் எந்தப் பக்கம் போனது என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த வட்டத்தில் நடந்ததையெல்லாம் எழுதினால் தாள் போதாது. ஒருவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிடும். "மயக்கத்துல உள்ளதெல்லாம் ஒளறிடுவேனாங்க? பொண்டாட்டி வெளியில நிப்பா" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு பெண், தாலியைக் கழற்றச் சொல்கிறார்களே என்று அழுதுவிட்டாள். முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பாடு, தண்ணீர் ஒன்றும் கூடாது, வயிற்றில் இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து மூச்சை அடைத்துவிடும் என்று நானும் தொண்டை வறளச் சொல்வேன், எல்லாரும் அழகாகத் திருப்பிச் சொல்வார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒருவர் கோயில் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் சாப்பிட்டிருப்பார். "அது சாப்பாடு இல்லீங்களே, பிரசாதம்" என்பார். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெரியவர் தலையணைக்கடியில் இருந்து மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீரை எடுத்து மூன்று மடக்குக் குடித்திருப்பார். எதிர்க் கட்டிலில் சிங்களவர் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் தண்ணீரோடு இருப்பார். ஒரே நாளில் மூன்று ஒப்பரேஷனும் தள்ளிப்போனது. சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எல்லாச் சாமியும் சேர்ந்து என் பட்டியலைக் காலி பண்ணிவிட்டார்கள்" என்றார். அதற்குப் பிறகு என் பேச்சில் ஒரு வரி சேர்ந்தது. "சாமி தண்ணியும் தண்ணிதாங்க. நெத்தியில பூசிக்கங்க, தலையில தெளிச்சுக்கங்க, வாயில மட்டும் வைக்காதீங்க." நீ திங்கட்கிழமை வரும்போது உன் அம்மாவின் கைப்பையைக் கொஞ்சம் சோதித்துப் பார்.

எல்லாவற்றையும் வட்டத்தில் வைத்துச் சொல்ல முடியாது. மார்பை எடுக்க வேண்டியவர்கள், பை வைக்க வேண்டியவர்கள் இருந்தால் சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுவார். உள்ளே சிஸ்டர், நான், நோயாளி, அவர் கூப்பிடச் சொன்ன ஒரு ஆள், அவ்வளவுதான். முதல் தடவை நான் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தேன். சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் உட்கார வைத்தார். இப்படிப்பட்ட விஷயத்தை நின்றுகொண்டு சொன்னால், சொல்லிவிட்டு ஓடத் தயாராக நிற்பது மாதிரி இருக்கிறது என்றார். கண் நேராக இருக்க வேண்டும். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பழக எனக்கு வருடக்கணக்கானது. அழுதால் அழட்டும் என்று விடுவதற்கு நிறைய மனம் வேண்டும் மகனே.

பையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு துணையும் கிடைத்தார். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார். அவருக்கு எங்கள் வாட்டில்தான் ஒப்பரேஷன் நடந்தது. பை வைத்த முதல் மாதம் கடைக்கே போகாமல் வீட்டுக்குள் கிடந்தவர், பிறகு தானாகத் தேறி, நான் கூப்பிடும்போதெல்லாம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். திரைக்குள்ளே வந்து உட்கார்ந்து சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டைக் கழற்றுவார். "பாருங்க, இதான் அந்தப் பை. இதோட தான் நான் கடேல நிக்கிற, இதோட தான் தொழுவுற, போன மாசம் மகள்ட கலியாணத்துல விருந்துலயும் நின்ட. யாருக்காச்சும் தெரிஞ்சா?" என்று கேட்பார். எத்தனை நாளைக்கு மாற்ற வேண்டும், எந்தச் சாப்பாட்டுக்குக் காற்று அதிகம், பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் எல்லாம் சொல்லுவார். போகும்போது மட்டும், "மொத மாசம் நானும் அழுத. அழாம ஏலாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அந்த மனுஷன் கழற்றிய இரண்டு பொத்தான்கள்தான் காரணம். பையோடு கோயிலுக்குள் போகலாமா என்று ஒரு கேள்வி செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்கும் வந்தது. அவர் பையோடு தொழுததை நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

வாட்டில் இத்தனை திருந்தியவன் வீட்டில் திருந்தினேனா என்றால், அதுதான் இல்லை. உனக்கு எட்டு வயதில் தொண்டையில் ஒப்பரேஷன் செய்தது ஞாபகமிருக்கும். பேராதனைப் பூந்தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் உன்னை வீட்டிலிருந்து கிளப்பினேன். நீ வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டாய். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தாய். "வலிக்காதுய்யா, ஐஸ்கிரீம் குடுப்பாங்க" என்றேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்த அதே வாய். கண் விழித்து, வலியில் எச்சில்கூட விழுங்க முடியாமல் நீ என்னைப் பார்த்த பார்வையும் பார்வதி அக்காவின் பார்வையும் ஒன்றுதான். ஐஸ்கிரீமைத் தொடவில்லை. ஒரு கிழமை அம்மாவோடு மட்டும் பேசினாய். அப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையிடம் போய் அப்பன் மன்னிப்புக் கேட்பதா என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன், மன்னித்துக்கொள். அன்பு வைத்தவர்களை இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீ நன்றாகவே படித்திருக்கிறாய்.

ஆகவே, நீ சொல்லாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் மிரட்டப் போவதில்லை. வைப்பேன். உயிர் மேல் எனக்கு ஆசை இருக்கிறது, நீ பெறப்போகும் பிள்ளையைத் தூக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். வியாழக்கிழமை நான் கண் விழிக்கிறேன். வயிற்றில் பை இருக்கிறது. தெரியாதவன் மாதிரி நான் திடுக்கிட வேண்டும். கடைசி நேரத்தில்தான் டொக்டர் முடிவு செய்தார் என்று நீ ஒரு கதை சொல்ல வேண்டும். அதை நம்பியது மாதிரி நான் தலையாட்ட வேண்டும். உன் அம்மா சுவரைப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளியாத வாயோடு அவ்வளவு நாடகம் ஆட எனக்கு முடியாது. பையை மாற்றும்போது யார் பக்கத்தில் நிற்பது, யார் கையில் தண்ணீர் வைத்துக்கொள்வது என்றெல்லாம் நாம் பேச வேண்டியிருக்கிறது. தெரியாதவன் எப்படிப் பேசுவது? இன்னொன்றும் இருக்கிறது. நான் கண் விழிக்காமலும் போகலாம். எத்தனையோ பேரைத் தியேட்டர் வாசலில் விட்டவன், அது நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி நடந்தால், நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன பெரிய விஷயம் பணிஸ் கடையில் சொன்ன அந்தப் பொய்யாக இருக்கும். எனக்கு அதனால் ஒன்றுமில்லை, நான் போய்விடுவேன். நீ அதைச் சுமந்துகொண்டு திரிவாய். ஒரு நடை நடந்து பாத்திருப்பேனே என்ற ஒரு வரியை முப்பது வருடமாகச் சுமக்கிறவன் சொல்கிறேன், அது உனக்கு வேண்டாம்.

எல்லாம் தெரிந்தவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிந்தது ஃபைலில் இருக்கிற இரண்டு சொல்தான். டொக்டர் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என்ன சொன்னார், எவ்வளவு பரவியிருக்கிறது, பிழைப்பேனா என்று நீ கேட்டாயா, கேட்டதற்கு என்ன பதில் வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அது நல்லதோ கெட்டதோ, ஃபைலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. உன் வாயால் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நேற்று முகம் மழிக்கும்போது கை நின்றுவிட்டது. பயத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பதைவிட உன்னோடு உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வா. உன் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வை, அவள் குசினிக்குள் ஓடினால் கையைப் பிடித்துக்கொள். உள்ளறையில் இருக்கிற கதிரையை எடுத்து வந்து என் முன்னால் போடு. நின்றுகொண்டு பேசாதே. 'அப்பா' என்று கூப்பிட்டு, டொக்டர் சொன்னதை ஒரே வரியில் சொல். நடுவில் நான் பேசமாட்டேன். நீ அழுதால் பார்த்துக்கொண்டு இருப்பேன், எனக்கு இப்போது அது முடியும். நான் அழுதால் நீ துடைக்க வராதே, கொஞ்ச நேரம் விடு. அப்புறம் நீ சொன்னதை நான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், தவறாகச் சொன்னால் திருத்து.

எல்லாம் முடிந்த பிறகு என் செருப்பை எடுத்து வை. வெயில் தாழ்ந்திருக்கும். நாம் இரண்டு பேரும் பாலம் வரை ஒரு நடை நடந்துவிட்டு வருவோம்.

உன் அப்பா